காதைப் பொத்திக்கொண்ட குரல்

என் ராசா,

இதை எழுதும்போது உனக்கு ஐந்து மாதம். குப்புறக் கவிழக் கற்றுக்கொண்டாய். திரும்ப மல்லாக்கப் புரளத் தெரியாமல் பாயில் கிடந்து கத்துகிறாய். எனக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. மகனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள், அவன் கல்யாணத்துக்கோ வெளியூர் வேலைக்கோ கிளம்பும் நாளில் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதுவரை காத்திருந்தால் நான் பார்த்த ஆச்சரியம் ஆறிப்போய்விடும். அதனால் இப்போதே எழுதி உன் தடுப்பூசி அட்டையோடு வைக்கிறேன். நீ வளர்ந்து, உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் கார்டும் வாங்குகிற அன்றைக்கு எடுத்துப் படி. அப்போது வங்கிகள் எப்படி மாறியிருக்குமோ தெரியாது. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர் உன்னிடம் ‘நீங்கள் யார்?’ என்று கேட்பதும், நீதான் அது என்று நீ காட்டவேண்டியிருப்பதும் அப்போதும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

முதலில் உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். வாடிப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாரும் ‘உள்ளேன் அம்மா’ என்பார்கள். எனக்குக் குரல் வராது. கையை மட்டும் தூக்குவேன். புதிதாக வந்த டீச்சர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பெயர் வாசிப்பவர். இரண்டு வாரம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் நான் வராதவளாகவே இருந்தேன். அதைப் போய்ச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாவது முடிந்த விடுமுறையில் என் அப்பா நெல் மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அத்தோடு என் படிப்பு நின்றது. அம்மாவோடு களையெடுக்கப் போனேன். பிறகு கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்தக் கம்பெனிதான் எனக்கு வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது. நிலம், வீடு, வண்டி எதுவும் எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரில் இருந்ததில்லை. என் பெயர் அச்சடித்து வந்த முதல் பொருள் அந்தக் கார்டுதான். வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை அதிலேயே விட்டேன். கல்யாணம் ஆகி நீ வயிற்றில் வந்த பிறகு அந்தப் பணத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன்: நீ நடக்கும்வரை நான் கம்பெனிக்குப் போகாமல் உன்னோடு இருப்பது. அந்தப் பணம் போனால் உன்னை ஊரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் கப்பலூர் பஸ் ஏற வேண்டும். அன்றைக்கு நடந்த ஒவ்வொன்றும் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

உங்கப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காளவாசல் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் சிக்கந்தர் பாயின் பேன்சி ஸ்டோர். எனக்குப் போனில் பேச வராது என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே உங்கப்பா கண்டுகொண்டார். அதன்பின் எனக்கு வரும் போனையும் அவரே எடுப்பார். ஒருமுறை கேஸ் ஆபீஸில் ‘கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேசணும்’ என்றதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பொம்பளைக் குரலில் நான் பேசுவதாகப் பேசி சிலிண்டரை வரவழைத்துவிட்டார். அது சிக்கந்தர் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. “மாப்ள, இனிமே அந்தக் கொரல்ல பேசாத. கேஸ்காரன் பொண்ணு கேட்டு வந்து நிக்கப் போறான்” என்று கடை வாசலில் வைத்தே கேலி செய்வார். நானும் சிரித்தேன். என் பெயரில் இருப்பதற்கெல்லாம் இன்னொருவர் குரல் கொடுப்பது தப்பென்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

என் தப்பு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கார்டில் பணம் எடுப்பதும் உங்கப்பாதான். ஏ.டி.எம். உள்ளே நின்றுகொண்டு, “புள்ள, நம்பர் என்ன?” என்று வெளியே வரிசையில் நிற்கும் என்னைப் பார்த்துக் கத்துவார். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நான்கு எண்ணைவிட அந்தப் பத்து முகங்கள்தான் பயம். வாய் திறந்து சொல்லக் கூசி, கார்டின் காகித உறையில் பேனாவால் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த உறையோடுதான் கார்டு என் பர்ஸில் கிடந்தது.

உனக்கு மூன்றாம் தடவை ஊசி போட்டுத் திரும்பிய நாள் அது. உச்சி வெயில். மினி பஸ்ஸில் கூட்டம். ஒரு கையில் நீ, மறு கையில் குடையும் துணிப்பையும். வீட்டுப் படியேறி உன்னைப் பாயில் கிடத்திய பிறகுதான் பர்ஸ் இல்லை என்று தெரிந்தது. போன் உன் துணிகளுக்கு நடுவில் இருந்ததால் தப்பித்தது. உங்கப்பா சாப்பிட வந்திருந்தார். சோற்றில் வைத்த கையோடு எழுந்தவர் கையைக் கழுவிவிட்டு, தன் போனில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பரை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

“சார், டென்ஷனே வேணாம். கார்டு போனாப் போகட்டும், காசு பத்திரமா இருக்கும். நான் இருக்கேன்ல?” என்றது ஓர் ஆண் குரல். அவ்வளவு அன்பான குரல். கணக்கு எண் கேட்டார், என் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார். உங்கப்பா பாஸ்புக்கைப் பார்த்து எல்லாவற்றையும் வாசித்தார். “இப்ப மேடம் போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும். அதச் சொன்னீங்கன்னா கார்ட லாக் பண்ணிருவேன்.”

என் போனில் செய்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மேலே இருந்தது ஒன்றும் புரியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடமும் கூட.

“சொல்லு புள்ள” என்றார் உங்கப்பா.

எனக்கு வாய் வரவில்லை.

“எம்புட்டு நேரமா மனுசன் லைன்ல நிக்கிறாரு! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“மேடம், பயப்படாதீங்க. நான் உங்க அண்ணன் மாதிரி. சொல்லுங்க” என்றது குரல்.

அந்த வரியை மறுபடி ஒருமுறை கூட்டிப் படித்தேன். பிறகு கையை நீட்டி உங்கப்பாவின் போனை அணைத்துவிட்டேன். “ஏன்டி வச்ச? கிறுக்கா?” என்று கத்தினார். என் போனைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதே நம்பர் மூன்று தடவை திரும்ப அழைத்தது. மூன்றாம் தடவை எடுத்தபோது அந்தக் குரலில் மேடமும் இல்லை, அண்ணனும் இல்லை. அது சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன்.

என்னைப் புத்திசாலி என்று நினைத்துவிடாதே. நான் பேசத் தெரிந்தவளாக இருந்திருந்தால், கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பேன். ஊமைப்பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தக் கூச்சம் எனக்கு ஒரு நிமிடம் கொடுத்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு வரியைப் படித்தேன். இதை எத்தனை தடவை நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அவசரப்படுத்துகிற ஒருவரிடம் நீ கொடுக்கக் கூடாத முதல் பொருள் உன் நிமிடம்தான்.

சத்தம் கேட்டு சிக்கந்தர் அண்ணன் மேலே வந்தார். உங்கப்பா, “நெட்டுல மொதல்ல வந்துச்சு பாய்” என்றார்.

“மொதல்ல வந்தா சொந்தக்காரனாய்யா? கல்யாண வீட்டுல பத்திரிக்க கெடைக்காதவன்தான் மொதப் பந்தியில ஒக்காந்திருப்பான். பாஸ்புக் கையில வச்சுக்கிட்டு நெட்டுல தேடுறியே, பின் அட்டையத் திருப்பிப் பாரு மாப்ள.”

பின் அட்டையில் நம்பர் இருந்தது. அதை அழுத்திக்கொண்டிருக்கும்போதே என் போனில் இன்னொரு செய்தி. என் கார்டில் யாரோ பணம் எடுத்துவிட்டார்கள். உறையில் எழுதியிருந்த எண் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. “யா அல்லா” என்றார் சிக்கந்தர் அண்ணன். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஊசி போட்ட காலை அசைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தாய். நீ நடக்கும் நாள் என்று நான் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு துண்டு போய்விட்டது. மிச்சமும் எந்த நிமிடமும் போகலாம்.

இந்த அழைப்பில் அன்பான குரல் உடனே வரவில்லை. எந்த மொழி என்று மிஷின் கேட்டது. காத்திருக்கச் சொன்னது. பாட்டுப் போட்டது. ஒரு பெண் எடுத்தார். உங்கப்பா விஷயத்தைச் சொன்னதும், “கணக்கு யார் பேர்ல சார்?” என்றார்.

“எங்க வீட்டுக்காரி பேர்ல. எல்லாம் நான்தான் பாக்குறேன், எங்கிட்ட கேளுங்க.”

“அவங்ககிட்ட குடுங்க சார்.”

உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் நீட்டினார். பெயரையும் பிறந்த தேதியையும் எப்படியோ சொல்லிவிட்டேன். அடுத்து, “உங்க கணக்குக்கு நாமினி யாரு மேடம்? அவங்க பேரச் சொல்லுங்க” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு உங்கப்பாவைத்தான் நாமினியாகப் போட்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால் என் அம்மா கார்டை நீட்டிக் காட்டுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் நாக்குக்கு இருந்தது. இன்றைக்கும் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில்கூட அந்தப் பெயரை எழுதப் போவதில்லை.

நான் நின்ற நிலையைப் பார்த்து உங்கப்பா என் காதோரம் தன் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஸ்பீக்கர் அதை விடவில்லை.

“மேடம், பக்கத்துல யாரோ சொல்றாங்க. இத நான் ஏத்துக்க முடியாது.”

“நான்தான்மா புருஷன்! எம் பேரத்தான் சொல்றேன்!” என்றார் உங்கப்பா.

“இருக்கலாம் சார். ஆனா அவங்கள யாராவது மெரட்டிப் பேச வைக்கிறாங்களான்னு எனக்கு இங்க இருந்து தெரியாதில்ல? மேடம், ஸ்பீக்கர் போடாதீங்க. தனியா ஒரு எடத்துக்குப் போயி, நீங்களே திரும்பக் கூப்பிடுங்க. ஒடனே கூப்பிடுங்க.”

உங்கப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்தீங்களா பாய், எங்க வீட்டுல எனக்கே மரியாத இல்ல” என்றார். எனக்கோ வேறெதுவும் காதில் விழவில்லை. என்னை யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் முகம் தெரியாது, ஊர் தெரியாது. உங்கப்பா தங்கமான மனிதர், என்னை ஒரு நாளும் மிரட்டியதில்லை. ஆனாலும் அப்படி ஒரு கேள்வியை என் பொருட்டு அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. நான் ஒரு தனி ஆள், என் பதில் என் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். கோயில் கோபுரத்தை முதன்முதலில் கிட்டத்தில் போய் அண்ணாந்து பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

நீ விழித்துக்கொண்டாய். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாஸ்புக்கையும் போனையும் எடுத்தேன். “இருங்க மாமா, வாரேன்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தரை கொதித்தது. துவைத்துப் போட்ட சேலையின் நிழலில் நின்றுகொண்டேன். தூரத்தில் நாகமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. மிஷின், காத்திருப்பு, பாட்டு எல்லாம் மறுபடி. அந்தப் பாட்டு முடியவே கூடாது என்றும் சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன். வேறொரு பெண் எடுத்தார். அதே கேள்விகள். நாமினி பெயர் வந்தது.

சொன்னேன். முதல் எழுத்து மட்டும் இரண்டு தடவை வந்தது, பிறகு முழுதாக வந்துவிட்டது. நீ என் கன்னத்தைப் பிடித்து இழுத்தாய். “நன்றி மேடம்” என்றார் அவர், யாரோ ஒருவர் யாரோ ஒருவருடைய பெயரைச் சொன்னதுபோல. வானம் அப்படியே இருந்தது. கீழே உங்கப்பா இருமும் சத்தம் கேட்டது.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு இன்னும் வெட்கம். வாய் திறந்துவிட்டதா, இனி மூட வேண்டாம் என்று தோன்றிவிட்டது. சரியான ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டோம் என்ற சந்தோஷம் வேறு. “மேடம், அந்த உறையில என் பின் நம்பர எழுதி வச்சிருந்தேன், அது வந்து ஏழு...” என்று ஆரம்பித்தேன்.

“அய்யய்யோ, வேணாம் வேணாம்! நிறுத்துங்க மேடம்!” என்று அந்தப் பெண் அலறினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “அத எங்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்க மேனேஜர் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஒங்க வீட்டுலயும் சொல்லக் கூடாது. எனக்கு அது தெரியவே கூடாது மேடம்.”

அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்ததுபோலவே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் ஒருவர், தேனாகப் பேசி, சொல்லு சொல்லு என்றார். இவரோ நானாகக் கொடுக்க வந்ததை வாங்க மறுத்துப் பதறுகிறார். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில், கொதிக்கிற தரையில் உன்னை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு விளங்கிவிட்டது. உன்னைக் காக்க வந்தவருக்கு உன் ரகசியம் தேவைப்படாது. நீதானா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். உன்னைத் திருட வந்தவருக்கோ நீ யாராக இருந்தாலும் ஒன்றுதான். ரகசியம் மட்டும் வேண்டும்.

கார்டை முடக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குள் மிச்சம் எதுவும் போயிருக்கவில்லை. போனதற்குப் புகார் எழுதிக்கொண்டார்கள். எடுத்தவர்கள் சரியான பின் எண்ணை அழுத்தியிருந்ததால் பணம் திரும்ப வராது என்று பிறகு சொல்லிவிட்டார்கள். எண்ணை எழுதி வைத்தது நான். அதனால் நீ நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பே நான் வேலைக்குப் போவேன். உன் முதல் அடியை நான் பார்க்காமல் போகலாம். அதற்கு இந்தக் கடிதத்திலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

நீ கூப்பிட வேண்டி வரும்போது, கார்டின் முதுகிலோ பாஸ்புக்கிலோ இருக்கும் நம்பரை நீயே அழுத்து. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது உன்னைக் கூப்பிட்டால், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிட்டு, அந்த நம்பருக்கு நீ திரும்பக் கூப்பிடு. உண்மையானவர் கோபிக்க மாட்டார். பஸ்ஸிலும் டீக்கடையிலும் நின்று உன் பிறந்த தேதியை உரக்கச் சொல்லாதே. பெயர், தேதி, நாமினி கேட்பார்கள், சொல். பின் எண்ணையும், போனில் வரும் ஆறு எண்ணையும், கார்டின் பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் போனை வை. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவளுக்குப் பேச வராவிட்டால் அவளுக்காக நீ பேசிவிடாதே. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குக் குரல் வரும்வரை காத்திரு.

மாடியிலிருந்து இறங்கினேன். தெருப்படியின் அடியிலேயே, கடை வாசலில் உங்கப்பா நின்றிருந்தார்.

“ஆச்சா?”

“ஆச்சு மாமா.”

“நாமினி பேரு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“சொன்னியா?”

தலையாட்டினேன். உங்கப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “எப்படிச் சொன்ன? எங்கிட்ட ஒருக்கா சொல்லு பாப்போம்” என்றார்.

“அது பேங்க்ல செக் பண்றதுக்குக் கேக்குற கேள்வி. வெளியாளுக்குச் சொல்லக் கூடாதாம்” என்றேன்.

கடைக்குத் திரும்பிவிட்ட சிக்கந்தர் அண்ணன் உள்ளிருந்து சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது. “புள்ள பேசிருச்சுடா மாப்ள! இனிமே ஒம்பாடு அம்புட்டுத்தான்!”

புதுக் கார்டு சென்ற வாரம் தபாலில் வந்தது. மூன்று பேரும் ஏ.டி.எம்.முக்குப் போனோம். என் பின்னாலேயே உள்ளே நுழைந்த உங்கப்பா, எண்ணை மாற்றச் சொல்லித் திரையில் வந்ததும், நான் ஒன்றும் சொல்லாமலே திரும்பி, கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வரிசையில் நின்ற ஒருவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் அசையவில்லை. அந்த வியர்த்த முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையால் என் நான்கு எண்ணை நானே அழுத்தினேன்.

உனக்கும் அந்த நாள் வரும். நானும் கூட வருவேன். அப்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், கோபம் என்று நினைத்துவிடாதே.

உன் அம்மா